வாய்க்கால் கரையில் ஓடும் ஸ்கூட்டர்: பெல்ட் சிவிடி வேலை செய்யும் விதமும் பராமரிப்பும்

கியர் இல்லாத ஸ்கூட்டரை தார் ரோட்டுக்காகத்தான் செய்தார்கள். காவிரி டெல்டாவில் அதுவேதான் வயலுக்கும் போகிறது. கால் வைக்கும் இடத்தில் 45 கிலோ யூரியா மூட்டை, பின்சீட்டில் புல்லுக்கட்டு அல்லது ஓர் ஆள், டயர் அமுங்கும் வண்டல் மண், அப்புறம் வயலிலிருந்து ஆற்றங்கரைக்கு ஏறும் பத்துப் பதினைந்தடி மேடு. டெல்டா முழுவதும் சமதளம் என்றாலும் நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு ஏற வேண்டிய அந்தச் சின்ன ஏற்றங்கள்தான் வண்டியைச் சோதிக்கும். திருவையாற்றுப் படுகையிலும் மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால் கரையிலும் ஓடும் ஸ்கூட்டர், வேலையைப் பார்த்தால் ஒரு காட்டுவழி வண்டிதான். நான்கு சக்கர ஏடிவி வண்டிகளுக்குள் இருப்பதும் இதே பெல்ட், இதே இரட்டைப் புல்லி. நாம் கியர் மாற்றாமலே விகிதம் தானாக மாறும் இந்த அமைப்புக்குத்தான் சிவிடி என்று பெயர்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது: வழுக்கல். பெல்ட் வழுக்கினால் சூடேறும், சூடேறினால் ரப்பர் இறுகிப் பளபளக்கும், பளபளத்த பெல்ட் இன்னும் அதிகமாக வழுக்கும். ஒழுங்காகக் காற்றோட்டமும் உலர்ந்த புல்லியும் கிடைத்த பெல்ட் 20,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. ஈரமும் பிசுக்கும் பட்ட பெல்ட் அதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

கவருக்குள் என்ன நடக்கிறது

இடதுபக்கம் இருக்கும் நீளக் கவருக்குள் இரண்டு புல்லிகள் உண்டு. முன் புல்லி கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். பின் புல்லி, பின்சக்கர கியர் பெட்டிக்குள் போகிற ஷாஃப்ட்டில் இருக்கும். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள்தான். ஒன்று அசையாது, மற்றொன்று ஷாஃப்ட்டின் மேல் நெருங்கியும் விலகியும் நகரும். தட்டுகள் நெருங்கினால் நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறிப் பெரிய வட்டத்தில் ஓடும். விலகினால் உள்ளே இறங்கிச் சின்ன வட்டத்தில் ஓடும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால் முன்னால் ஏறினால் பின்னால் இறங்கியே ஆக வேண்டும்.

வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது முன் தட்டுகள் விலகியிருக்கும், பெல்ட் அடியில் கிடக்கும். பின்னால் கான்ட்ரா ஸ்பிரிங் தட்டுகளை இறுக்கி வைத்திருப்பதால் பெல்ட் விளிம்போடு விளிம்பாக இருக்கும். இதுதான் முதல் கியருக்குச் சமம். முன் புல்லி ஏறத்தாழ இரண்டரை சுற்று சுற்றினால் பின் புல்லி ஒரு சுற்று சுற்றும்.

ரேஸ் கொடுத்ததும் வேரியேட்டருக்குள் (முன் புல்லியின் நகரும் பாகம்) இருக்கும் ஆறு ரோலர்களும் வெளிப்பக்கம் வீசப்படுகின்றன. அவை சாய்வான பள்ளத்தில் ஏறி நகரும் தட்டைத் தள்ளுகின்றன. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளல் நான்கு மடங்காகும். பெல்ட் முன்னால் மேலேறி, பின்னால் ஸ்பிரிங்கை எதிர்த்துத் தட்டுகளை விலக்கி உள்ளே இறங்கும். முழு வேகத்தில் பின் புல்லி முன் புல்லியைவிட வேகமாகவே சுற்றும்.

பாரம் கூடும்போது வண்டி தானாகக் கீழ் கியருக்கு இறங்குவது எப்படி? அந்த வேலையைச் செய்வது பின் புல்லியில் இருக்கும் டார்க் கேம். நகரும் தட்டின் கழுத்தில் சாய்வாக வெட்டிய மூன்று பள்ளங்கள், அவற்றுக்குள் மூன்று பின்கள். ஏற்றத்தில் சக்கரம் திமிறும்போது பெல்ட் அந்தத் தட்டை முறுக்கும். முறுக்கியதும் சாய்வுப் பள்ளம் தட்டை உள்ளே இறுக்கும், பெல்ட் மேலே ஏறும், இழுவை கூடும். இந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்துபோனால் தட்டு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். “சமரோட்டில் நல்லாப் போகுது, கரை ஏறுறப்போ செத்துப்போகுது” என்று கொண்டுவரும் வண்டிகளில் பெல்ட்டை மாற்றும் முன் இங்கே பார்க்க வேண்டும்.

ஸ்கூட்டரில் கிளட்ச் பின் புல்லியோடு சேர்ந்திருக்கும். மூன்று ஷூக்கள் சுழற்சியில் விரிந்து, சுற்றியுள்ள கிளட்ச் பெல்லைப் பிடிக்கும். அதாவது என்ஜின் ஓடும்வரை பெல்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், வழுக்கித் தொடங்குவது ஷூதான். வேகம் மிகக் குறைந்ததும் ஷூ விட்டுவிடும். அதனால் கரையிலிருந்து மெதுவாக இறங்கும்போது என்ஜின் பிடிப்பை நம்பக்கூடாது, பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

எப்போது திறந்து பார்ப்பது

பல ஸ்கூட்டர்களின் கையேடு 8,000 முதல் 12,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டைப் பார்க்கவும் 24,000 அளவில் மாற்றவும் சொல்கிறது. அது ரோட்டுக் கணக்கு. வயல் வேலை செய்யும் வண்டிக்குப் பருவத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் ஒருமுறை, தை மாச அறுவடை ஓய்ந்த பிறகு ஒருமுறை. மழைக்கு முன் திறப்பது கேஸ்கெட்டும் காற்றுக் குழாயும் தண்ணீர் விடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க. அறுவடைக்குப் பின் திறப்பது தூசிக்காக. ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் மேலும் நெல் மேலும் ஓடும்போது, முன் புல்லியின் விசிறி இழுக்கும் காற்றோடு நொறுங்கிய வைக்கோலும் பதரும் சுனையும் உள்ளே போகும். காற்று நுழையும் வாயில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் அது சாணி மெழுகியதுபோல அடைத்திருக்கும். காற்று இல்லாவிட்டால் பெல்ட் தன் சூட்டிலேயே வேகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்றில் ஒரு மாதம் நிறுத்திய வண்டியின் புல்லி முகத்தில் மெல்லிய துரு படரும். அந்தத் துரு பெல்ட்டின் பக்கங்களை எமரி பேப்பர்போல உரசும். அதனால் ஓட்டாத வண்டியையும் வாரம் ஒருமுறை சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சூடேற ஓடவிடுங்கள்.

திறக்கும் முறை

வண்டி ஆறியிருக்க வேண்டும், சென்டர் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், சாவி உருவியிருக்க வேண்டும். கவரைச் சுற்றி ஒட்டிய சேற்றை முதலில் பிரஷ் போட்டுச் சுரண்டுங்கள். கவரைத் திறந்தபின் விழும் மண் நேராக பேரிங்குக்குத்தான் போகும்.

கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 8 அல்லது 10 எம்.எம். தலை. நீளம் ஒன்றுக்கொன்று மாறும். ஓர் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் குழப்பம் வராது. சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியின் போல்ட்டையும் தளர்த்தினால்தான் கவர் வெளியே வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், மர மேலட்டால் ஓரத்தில் தட்டினால் போதும். கவரைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் இரண்டு டவல் பின்கள் விழுந்து உருளும், எடுத்து வையுங்கள்.

உள்ளே கறுப்பு மாவுபோலத் தூள் இருக்கும். கொஞ்சம் இருப்பது இயல்பு. நூல் நூலாகக் கிடந்தால் பெல்ட்டின் ஓரக் கயிறு உரிகிறது. தூள் பசைபோல ஈரமாக இருந்தால் எங்கோ ஆயில் கசிகிறது: முன்னால் என்றால் கிராங்க் ஆயில் சீல், பின்னால் என்றால் கியர் பெட்டி சீல். சீலை மாற்றாமல் புதுப் பெல்ட் போடுவது காசைச் சேற்றில் போடுவதுதான். தூளை ஊதும்போது முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

முன் நட்டைக் கழற்ற புல்லியைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் வேண்டும். விசிறி இதழுக்குள் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிப் பிடிப்பது பல பட்டறைகளில் பழக்கம். இதழ் ஒன்று உடைந்தால் புல்லியின் சமநிலை போய்விடும், பிறகு நடுக்கம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. கழற்றுவதற்கு இம்பாக்ட் கன் சரி. மாட்டுவதற்கு வேண்டாம்.

எதை எப்படிப் பார்ப்பது

பெல்ட்டைத் துடைத்துவிட்டு மூன்று நான்கு இடங்களில் வெர்னியரால் அகலத்தை அளந்து பாருங்கள். கையேட்டில் தேய்மான எல்லை இருக்கும். பொதுவாகப் புதுப் பெல்ட்டைவிட சுமார் 1 மி.மீ. குறைந்தால் வேலை முடிந்தது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், மெலிந்த பெல்ட் V வடிவப் பள்ளத்தில் எப்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரும். புறப்படும்போது பின்னால் விளிம்பைத் தொடாது, இழுவை குறையும். முழு வேகத்தில் முன்னால் விளிம்புக்கு வராது, வேகமும் குறையும். இரண்டு முனையிலும் நஷ்டம்.

அடுத்து பெல்ட்டைப் பின்புறமாக வளைத்துப் பற்களின் இடுக்கைப் பாருங்கள். நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்பு வளைத்தால் வாய் திறக்கும். பக்கங்கள் மங்கலான கறுப்பாக இருக்க வேண்டும். கண்ணாடிபோல மினுங்கினால் வழுக்கி வெந்திருக்கிறது. எமரி போட்டு அந்த மினுக்கத்தைத் தேய்த்து எடுத்தாலும் இறுகிய ரப்பர் இளகாது.

ரோலர்களை ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டுங்கள். தட்டையான பக்கம் இருந்தால் “தக்” என்று அந்த இடத்தில் நிற்கும். ஒன்று தட்டையானாலும் ஆறையும் சேர்த்து மாற்றுங்கள், எடை வித்தியாசம் வேரியேட்டரை ஆட்டும். ரோலர் பள்ளத்தில் கிரீஸ் வைப்பது பரவலான தவறு. கையேடு வைக்கச் சொன்ன மாடல் தவிர மற்றவற்றில் அது உலர்ந்தே ஓட வேண்டும். கிரீஸ் வைத்தால் தூளைப் பிடித்து ரோலரை உருள விடாது, மிச்சம் பெல்ட்டில் தெறிக்கும். கூடவே மூன்று பிளாஸ்டிக் ஸ்லைடர்களையும் பாருங்கள். இவை தேய்ந்தால் ஐட்லிங்கில் “கடகட” சத்தம் வரும். அதை என்ஜின் சத்தம் என்று நினைத்து செலவு செய்தவர்கள் உண்டு.

பின்னால், ஷூவின் லைனிங் சுமார் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். பெல்லின் உட்புறத்தில் நீலம் பாய்ந்த வட்டங்கள் சூட்டின் தடம். லேசான மினுக்கம் என்றால் எமரி பேப்பரால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைக்கலாம். டார்க் கேமைத் திறக்கும்போது கான்ட்ரா ஸ்பிரிங் நட்டோடு சேர்ந்து பாயும். கம்ப்ரஸர் டூல் இல்லாமல் அதைத் திறக்க வேண்டாம். பின்களில் சூடு தாங்கும் கிரீஸ், பள்ளத்துக்கு ஒரு பட்டாணி அளவு. ஓ-ரிங் இரண்டையும் புதிதாகப் போடுங்கள், அவைதான் அந்த கிரீஸைப் பெல்ட்டுக்குப் போகாமல் தடுக்கின்றன.

புல்லி முகங்களை பிரேக் கிளீனர் நனைத்த வெள்ளைத் துணியால், துணி கறுக்காமல் வரும்வரை துடையுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். பெல்ட்டின் பக்கத்தில் எந்தத் திரவமும் வேண்டாம்.

பெல்ட் மாட்டுவது: உயிர்நாடியான நிமிஷம்

கிராங்க் முனை நாசமாகும் பெரும்பாலான வண்டிகள் இந்த ஒரு கட்டத்தில்தான் நாசமாகின்றன. அதனால் வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. பெல்ட்டின் மேல் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எழுத்து இடதுபக்கம் நிற்பவருக்கு நேராகப் படிக்கும்படி வையுங்கள்.
2. பின் புல்லியின் தட்டுகளைக் கையால் விலக்கி, பெல்ட்டை அதன் ஆழம்வரை அமுக்குங்கள். அப்போதுதான் முன்னால் தளர்வு கிடைக்கும்.
3. முன்னால் ரோலரோடு சேர்ந்த வேரியேட்டரை அசையாமல் உள்ளே தள்ளுங்கள். பின்னாலிருந்து ரோலர்களைத் தாங்கும் ராம்ப் பிளேட் விலகினால் ரோலர் ஒன்று இடம் மாறிவிடும், வெளியிலிருந்து அது தெரியாது.
4. பெல்ட் நடுவில் இருக்கும் பாஸ் குழாயின் மேல் தளர்வாகக் கிடக்க வேண்டும். இனி விசிறித் தட்டை (முன் புல்லியின் அசையாத தட்டு) வைத்து, அதன் பல்வரி கிராங்க்கின் பல்வரியில் முழுதாக ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நட்டு மாட்டும் முன் கிராங்க்கின் மறை தட்டுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
5. நட்டைக் கையால் முடிந்தவரை ஏற்றி, பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்.

மூன்றிலும் நான்கிலும் பெல்ட் தளராமல் இருந்தால், தட்டு பாஸில் போய் முட்டாது, பெல்ட்டில் முட்டும். நட்டு இறுகியதுபோலவே கைக்குத் தெரியும். வண்டி நூறு மீட்டர் ஓடியதும் பெல்ட் தன் இடத்துக்கு நகரும், நட்டு தளரும், தட்டு ஆடி ஆடி பல்வரியைத் தின்றுவிடும். அப்புறம் கிராங்க்கே மாற்ற வேண்டும். ஆகவே நட்டை இறுக்கியபின் பெல்ட்டை விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். முன் புல்லிக்குள் அது லேசாக ஆட வேண்டும். கடைசியில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பெல்ட் மேலேறித் தன் இடத்துக்கு வந்துவிடும்.

கவரை மூடும் முன், மார்க்கர் பேனாவால் முன் புல்லியின் அசையாத முகத்தில் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு கோடு போடுங்கள். பத்து கிலோமீட்டர் முழு வேகம்வரை ஓட்டித் திரும்பத் திறந்தால், பெல்ட் எதுவரை ஏறியதோ அதுவரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு அருகே அழிந்திருந்தால் எல்லாம் சரி. பாதியிலேயே நின்றிருந்தால் ரோலர், ஸ்லைடர், பெல்ட் அளவு மூன்றில் ஒன்று தவறு. வேகம் குறைந்த வண்டிக்கு இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

கேஸ்கெட் புதிது போடுங்கள். கிக்கர் உள்ள கவரில் அதன் ஷாஃப்ட் புஷ்ஷுக்குக் கொஞ்சம் கிரீஸ். பின்சக்கர கியர் ஆயில் பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 100 முதல் 120 மில்லிதான் பிடிக்கும், இந்தச் சந்தர்ப்பத்திலேயே மாற்றிவிடலாம். புதுப் பெல்ட்டுக்கு முதல் 50 கிலோமீட்டர் மூட்டை ஏற்றாமல், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள்.

ரோலரின் எடையை ஒரு கிராம் குறைத்தால் கரை ஏற நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான், என்ஜின் அதிக ஆர்பிஎம்மில் இழுக்கும். ஆனால் சமரோட்டிலும் அதே ஆர்பிஎம்தான், பெட்ரோல் தெரியும். நாள் முழுக்கப் பாரம் ஏற்றும் வண்டியைத் தவிர மற்றவற்றுக்குக் கம்பெனி எடையே போதும் என்பது எங்கள் கருத்து.

தண்ணீரில் இறங்கினால்

ஐப்பசி, கார்த்திகையில் ரோடும் வாய்க்காலும் ஒன்றாகும் இடங்களில் முழங்கால் தண்ணீர் சாதாரணம். சிவிடி பெட்டியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட பின்சக்கர அச்சின் உயரத்தில் இருக்கிறது. அச்சு முழுகினால் பெட்டியும் நனைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் கொடுத்தால் என்ஜின் கத்தி, வண்டி நகராவிட்டால் பெல்ட்டோ ஷூவோ நனைந்துவிட்டது. அப்போது ரேஸை முறுக்கிப் பிடித்து ஓட்டாதீர்கள், அந்த ஒரு ஃபர்லாங்கில் பெல்ட் மினுங்கிவிடும். இறங்கித் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். சைலன்ஸருக்கும் ஏர் ஃபில்டருக்கும் தண்ணீர் போகவில்லை என்று உறுதியானால், சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையில் படாமல், பிரேக் பிடிக்காமல், விட்டு விட்டு லேசாக ரேஸ் கொடுங்கள். விசிறிக் காற்றில் சில நிமிஷத்தில் உலரும். வடிகுழாய் உள்ள மாடல் என்றால் அதன் மூடியைக் கழற்றி வடியவிடுங்கள்.

வந்த தண்ணீர் வெறும் தண்ணீரல்ல, வண்டல் கலந்தது. ஈரம் காய்ந்தாலும் மண் புல்லி முகத்தில் தங்கும். ஒரு வாரத்துக்குள் கவரைத் திறந்து கழுவித் துடைக்க வேண்டும். கியர் ஆயிலையும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். மோர் நிறமாக இருந்தால் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டது, உடனே வடித்துப் புதிது ஊற்றுங்கள்.

ஓட்டும் கை

கரையேற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ரேஸிலேயே வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் பலர். அந்த நேரம் முழுக்க ஷூ பெல்லில் உரசிக்கொண்டே நிற்கிறது. நில்லுங்கள் என்றால் பிரேக், புறப்படுங்கள் என்றால் தயங்காமல் ஒரே சீராக ரேஸ். சேற்றில் சக்கரம் புதைந்து சுற்ற மறுத்தால் ரேஸ் கொடுக்கவே கூடாது. மூட்டையை இறக்கி, டயருக்கு அடியில் வைக்கோலோ மட்டையோ போட்டு வெளியே எடுங்கள்.

ஏடிவியும் அறுவடை இயந்திரமும்

போலாரிஸ் போன்ற பல ஏடிவிகளில் தனி கிளட்ச் ஷூ கிடையாது. ஐட்லிங்கில் முன் புல்லி பெல்ட்டைத் தொடாமல் சுற்றும், ரேஸ் கொடுத்தால் தட்டுகளே பெல்ட்டைப் பிடிக்கும். அதனால் சக்கரம் புதைந்த நிலையில் ரேஸ் கொடுத்தால் நிற்கும் பெல்ட்டின் ஒரே இடத்தைப் புல்லி தேய்த்து, அங்கே உடுக்கை இடுப்புபோல ஒடுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் “தப் தப்” என்று உதைக்கும், அந்தப் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். யமஹாவின் அல்ட்ராமேடிக் வேறு வழி: பெல்ட் எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், அதற்கு முன்னால் ஆயிலில் ஓடும் கிளட்ச் பிடிக்கும் வேலையைப் பார்க்கும். எந்த ஏடிவியானாலும் சேறு, இழுவை, மணிக்கு 10 கிலோமீட்டருக்கும் குறைவான நெடுநேர ஓட்டம் என்றால் லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர்) போடுங்கள். பெல்ட் அறுந்துவிட்டால் புதிதை மாட்டும் முன் ஷாஃப்ட்டில் சுற்றிய நூலையும் காற்றுக் குழாய்க்குள் போன துண்டுகளையும் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். விட்டுப்போன நூல் சீலை அறுக்கும்.

டெல்டாவில் “பெல்ட் டைப்” என்றால் ரப்பர் செயினில் ஓடும் அறுவடை இயந்திரம். அது பெரும்பாலும் ஹைட்ராலிக் மோட்டாரில் நகர்கிறது. இங்கே பேசும் பெல்ட் பல “டயர் டைப்” இயந்திரங்களின் ஓட்ட வேரியேட்டரில் இருக்கிறது. தத்துவம் அதேதான், ஆனால் புல்லியை நகர்த்துவது ரோலர் அல்ல, டிரைவர் கையிலுள்ள லிவரின் ஹைட்ராலிக் சிலிண்டர். என்ஜின் ஓடாதபோது அந்த லிவரைத் தொடக்கூடாது. சுற்றாத பெல்ட் மேலேற முடியாமல் தட்டுகளுக்கிடையே நசுங்கும். சம்பா அறுவடையில் ஈர வைக்கோல் புல்லியின் கழுத்தில் சுற்றும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போதே, சாவியை உருவிக்கொண்டு, அதை அரிவாளால் அறுத்து எடுத்துவிடுங்கள். சாயங்காலம்வரை விட்டால் அந்த வைக்கோல் சூட்டில் கருகிப் பெல்ட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பெல்ட் வாங்கும்போது

பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வெவ்வேறு வருட மாடல்களுக்குப் பெல்ட் மாறலாம். நீளமும் அகலமும் பொருந்தினாலும் பக்கச் சாய்வின் கோணம் மாறினால் பெல்ட் புல்லியை ஓரத்தில் மட்டும் தொடும், கொஞ்ச நாளிலேயே தேயும். உதிரிப் பெல்ட்டை மடித்து டிக்கியில் திணித்து வைத்தால் உள்ளே உள்ள கயிறு ஒடியும். வளையமாகவே, வெயில் படாமல், உரமூட்டையிலிருந்து தள்ளி, ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள்.